லாச்சியில் படிக்கட்டு

கேள்வி: ரப்பர் மரப் பலகையில் லாச்சி செய்கிறேன். ராவுட்டர், ஜிக் எல்லாம் வாங்கியாகிவிட்டது. டவ்டெயில் பற்கள் நன்றாகக் கோக்கின்றன. ஆனால் பக்கப் பலகை முன்பலகையைவிட 2 மில்லிமீட்டர் ஏறி நிற்கிறதே?
– வாசகர், குனோங் ராபாட்

பதில்: பற்கள் கோத்துவிட்டனவா? அப்படியென்றால் ராவுட்டரைத் திட்டாதீர்கள். பிட்டையும் தொடாதீர்கள். அது லூஸ், டைட் வைத்தியத்துக்கு மட்டும்: லூசானால் இறக்கு, டைட்டானால் ஏற்று. பலர் தலைகீழாகச் செய்துவிட்டு மரத்தைக் குறை சொல்வார்கள். பால் கொடுத்து ஓய்ந்து, 25, 30 வயதில் வெட்டுப்பட்ட எஸ்டேட் மரம். அதற்கு இந்தப் பழி வேறு!

உங்கள் திருடன் ஜிக்கின் தடுப்புக்கட்டை. ஜிக்கில் நிற்கும் பலகை, படுத்த பலகையிலிருந்து பல் இடைவெளியில் சரிபாதி தள்ளியிருக்க வேண்டும். இடைவெளி 7/8 அங்குலம் என்றால் 7/16. லாச்சியின் இரண்டு மூலைகளை இடது தடுப்பிலும், இரண்டை வலது தடுப்பிலும் வைத்து வெட்டுகிறோம். எனவே இரண்டு மூலைகளில் மட்டும் படி இருந்தால் ஒரு தடுப்புதான் குற்றவாளி. முதலில் அங்கே சேர்ந்த மரத்தூளை ஊதுங்கள். படி போகவில்லையா? தடுப்பை 2 மில்லிமீட்டர் நகர்த்துங்கள், கோபத்தின் அளவுக்கு அல்ல. கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்த பிறகே நல்ல பலகையைத் தொடுங்கள்.