புடவைப் பரிவர்த்தனை: ஒரு தத்துவ விசாரம்

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், ஆன்மா ஓர் உடலை விட்டு மற்றோர் உடலைப் பற்றுவதற்கு, மனிதன் நைந்த வஸ்திரத்தைக் களைந்து புதியதை உடுத்துவதை உவமையாகச் சொன்ன கண்ணபிரான், களையப்பட்ட அந்த வஸ்திரம் யாருடைய பீரோவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போர்க்களத்து அவசரத்தில் விட்டுப்போன இவ்விஷயத்தைப் பின்வந்தோரும் எடுத்துக்கொள்ளாமற் போகவே, ஓர் ஆன்மா பல உடல்களிற் சஞ்சரிப்பதைப் பற்றி நூல்கள் மலிந்திருக்க, ஒரே புடவை பல உடல்களிற் சஞ்சரிப்பதைப் பற்றிய சாஸ்திரம் நம்மிடையே வளராமல் நின்றுவிட்டது. சிநேகிதிகள் தமக்குள் புடவை மாற்றிக்கொள்ளும் வழக்கம் குறித்த இவ்விசாரம் அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் என்பது எமது துணிபு.

ஒரு வழக்கத்தின் தொன்மையை நிறுவுவது ஆராய்ச்சியாளனின் முதற்கடமை ஆதலால், சிறுபாணாற்றுப்படையைப் புரட்டினோம். கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும் நத்தத்தனார் அவர்களுள் இருவரை ஆடை கொடுத்தவர்களாகவே காட்டுகிறார்: பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான், ஆய், நாகம் தனக்குத் தந்த கலிங்கத்தை ஆலின்கீழ் அமர்ந்த இறைவனுக்கு ஈந்தான். பேகனை உலகம் மெச்சினும், மயில் மாற்றாக எதையும் கொடுத்ததற்குச் சான்று இன்மையால், அது தானமாகுமே அன்றிப் பரிவர்த்தனை ஆகாது. ஆய் செய்ததோ வேறு. ஒருவரிடமிருந்து வந்த துணியைத் தான் வைத்துக்கொள்ளாது பிறிதொருவருக்குக் கொடுத்துவிடும் சாமர்த்தியத்தில், கிருகப்பிரவேசத்தில் வந்த புடவையை அடுத்த வளைகாப்பில் தள்ளிவிடும் இல்லத்தரசியர் அனைவரும் அவ்வள்ளலின் வழியினரே ஆவர். (தந்தவரிடமே மறதியாகத் திருப்பித் தந்துவிடும் அபாயம் ஆய்க்கு இல்லை, நாகங்கள் விசேஷங்களுக்கு வருவதில்லை.)

இனிப் பூர்வபட்சம். பஞ்சமே இவ்வழக்கத்துக்குக் காரணம் என்பர் பொருளாதாரிகள். 1941 ஜூன் மாதத்தில் பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு ஏற்பட்டு, முதலாண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன் என்று வரையறுக்கப்பட்ட பின்னர், வளரும் குழந்தைகளின் உடுப்புகளைத் தாய்மார் மாற்றிக்கொள்வதற்கென்றே அங்கு நிலையங்கள் நடந்ததையும், 1943-இல் இந்திய சர்க்காரும் பருத்தித் துணிக்குக் கட்டுப்பாடு விதித்ததையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். சீமைக்கு இவ்வாதம் பொருந்தலாம். ஆயின், ஆடித் தள்ளுபடியின்போது தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் துணியும் ஜனங்களும் ஒருவரையொருவர் நெருக்கும் இந்நாளிலும், பீரோக் கதவை முழங்காலால் அழுத்தி மூடவேண்டிய அளவுக்குப் புடவை சேர்த்தவர்களே மாற்றிக்கொள்வதில் முன்னிற்பதைக் காணும்போது, பஞ்சம் என்னும் ஹேது அடிபட்டுப் போகிறது. பண்டமாற்று நடப்பதற்குப் பெருந்தடை, என்னிடம் உள்ளதை நீயும் உன்னிடம் உள்ளதை நானும் ஒருங்கே விரும்புவது அரிதாயிருத்தலே என்று 1875-இல் ஜெவன்ஸ் எழுதிய கொள்கையும் இங்கே செல்லாது. பிறத்தியாள் பீரோவில் இருப்பது தன்னுடையதைவிட அழகானது என்பதில் இரு தரப்புக்கும் எந்நாளும் ஏகாபிப்பிராயமே.

ஆகவே சித்தாந்தம் வருமாறு: புதுமை துணியின் குணம் அன்று, பார்ப்பவரிடத்து உள்ள ஓர் இன்மை. தார்க்கிகர் பிராகபாவம் என்று சொல்லும் முன்னின்மை, அதாவது இதற்குமுன் அதைக் கண்டிராமை, எவ்வளவு நேரம் நிலைக்குமோ அவ்வளவு நேரமே புடவை புதியது. நேற்றுத் தறியிலிருந்து இறங்கிய காஞ்சிபுரம் பட்டாயினும், மாமியார் வீட்டார் ஒருமுறை கண்டுவிட்டால் அது பழம்புடவையே. மூன்று வருஷம் பீரோவில் கிடந்ததாயினும், அவர்கள் காணாதவரையில் புத்தம்புதியதே.

இதிலிருந்தே, உடன்பிறந்தாளைவிடச் சிநேகிதி இவ்விஷயத்தில் ஏன் உத்தமமானவள் என்பதும் விளங்கும். அக்காள் தங்கையருக்கு அத்தையும் பெரியம்மாவும் பொது. பந்தியில் இலை போடுமுன்பே, “ஏண்டி, இது உங்க அக்கா சீமந்தத்துக்குக் கட்டினதுன்னா?” என்று கேட்கவல்ல ஒரு பெரியம்மா இருக்கும் குடும்பத்தில், சகோதரிகளின் பரிவர்த்தனை தோற்றே தீரும். சிநேகிதியின் உறவினரோ நம் உறவினரை அறியார். இரண்டு உறவு வட்டங்களும் ஒன்றையொன்று தொடாதிருக்கும் வரையில், இரண்டு புடவைகள் நான்காகவும், மூவர் கூடினால் மூன்று புடவைகள் ஒன்பதாகவும் பெருகும் என்பது சாதாரணக் கணக்கு. கைப்பேசியில் படம் எடுத்து ஊரெங்கும் அனுப்பும் வழக்கம் வந்தபின் இவ்வட்டங்கள் கலைந்துவருவது இச்சாஸ்திரத்துக்கு நேர்ந்துள்ள பெருங்கண்டம்.

டிரோப்ரியாண்டுத் தீவினர் சிவந்த சிப்பி மாலைகளை வலமாகவும் வெண்சிப்பிக் கடகங்களை இடமாகவும் தீவுக்குத் தீவு கைமாற்றிவந்த முறையை 1922-இல் மலினோவ்ஸ்கி விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே ஓர் அணி எத்தனை கைகளில் தங்கி வந்ததோ அத்தனைக்கு அதன் கீர்த்தி உயரும். அப்பரம்பரையைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். நம்மவரிடையே பரம்பரை பரம ரகசியம். “எங்கே எடுத்தே?” என்ற கேள்விக்கு, “காஞ்சிபுரத்திலேதான்” என்ற விடை பொய்யாகாது என்பதை மட்டும் இங்கே குறித்துச் செல்வோம்.

புடவைக்கு அளவு என்ற பேதம் இல்லை. பருத்தவளுக்குக் கொசுவத்தில் இரண்டு மடிப்புக் குறையும். குட்டையானவள் இடுப்பில் சற்று அதிகமாகச் செருகிக்கொள்வாள். அத்துவைதமாக நிற்கும் அவ்வைந்தரை மீட்டர் எவருக்கும் இணங்கும். துவைதத்தைக் கொண்டுவந்து புகுத்துவது ரவிக்கை. உள்ளே துணி விட்டுத் தைக்கும் தையற்காரரின் தீர்க்கதரிசனத்தால், தையலைப் பிரித்தோ பிடித்தோ ஒருவாறு சமாளிக்கலாமாயினும், அது இரண்டு சுற்றுக்குமேல் தாங்காது. எந்தப் புடவைக்கும் ஒத்துப்போகும் பொன்னிற ரவிக்கை ஒன்றைத் தன் அளவுக்குத் தைத்துவைத்துக்கொள்வதே அனுபவஸ்தர் கண்ட வழி.

ஆடவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேஷ்டிக்கும் அளவில்லையே, அவர்கள் ஏன் மாற்றிக்கொள்வதில்லை என்று வினவின், வெள்ளைக்கு வெள்ளை மாற்றினால் மாற்றியது மாற்றியவனுக்கே தெரியாது என்க. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில், நேர்முகத் தேர்வுக்கென்று ஓர் அறைக்கு ஒரு நல்ல சட்டை பொதுவில் இருப்பது உண்டு எனினும், அங்கே சட்டைதான் நிலையாக இருக்கிறது, ஆட்கள்தாம் மாறுகிறார்கள். ஆதலால் அதனை இவ்விசாரத்தில் சேர்க்கவில்லை.

தீராத வழக்கு ஒன்று உண்டு. ஓர் ஊரில் நான்கு ஆசிரியைகளிடையே சுற்றிய மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்று, வருஷங்கள் கழிந்து முதலாமவளின் கண்ணிலேயே பட, தன் பழைய சொத்து என்பதை அடியோடு மறந்துவிட்ட அவள், “இதை எனக்குக் கொடுடி” என்று கெஞ்சி, தன் மாம்பழ நிறப் பட்டை அதற்கு ஈடாகக் கொடுத்துவிட்டாளாம். உரிமையாளரே மறந்தவிடத்துப் பிராகபாவம் மீண்டும் உண்டாகுமா என்பதில் எமக்கு ஐயம் இல்லை; உண்டாகும். மாம்பழ நிறப் பட்டைத் திருப்பிக் கேட்கலாமா என்பதில்தான் இரு வீட்டாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.