பெரியப்பா மொறை வண்டி

இன்னாடா பேராண்டி, வேலூர்ல ஏதோ ஸ்போர்ட்ஸ் காரு பாத்துட்டு வந்தியாமே? ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு உன் பாட்டி சொன்னதும் மென்னுகினு இருந்த வெத்தலைய துப்பிட்டேன்.

தப்பு சொல்லலடா. ரைஸ்மில்லு மொதலாளி அந்த வண்டி வெச்சிருந்தாரு. ஓட்டினது டிரைவரு, துடைச்சது நானு. மிக்கலொட்டின்னு ஒரு இத்தாலிக்காரன் வரைஞ்ச உடம்பு. சீமையில 1959ல வந்துச்சு, 1961லயே மெட்ராசுல ஸ்டாண்டர்டு மோட்டார்காரன் கட்ட ஆரம்பிச்சுட்டான். அதே சேஸைக் குட்டையாக்கி 1962ல ஸ்பிட்ஃபயருன்னு ஒன்னு உட்டான் பாரு, அதுதான் ஸ்போர்ட்ஸ் காரு. உன்னுது அதுக்குப் பெரியப்பா மொறை. சொந்தத்துல ஒருத்தன் கலெக்டரா கீறான்னு நான் சபாரி போட்டுகினு ஜீப்ல ஏற முடியுமா? இன்ஜினு 948 சிசி. மூணு புல்லட்டு சேந்தா அதைத் தாண்டிடும்.

பானெட்டைத் தூக்குனா மட்கார்டோட மூஞ்சி முழுசும் முதலை வாயாட்டம் முன்னால சாயும். டயரு மேலயே குந்திகினு வேலை பாக்கலாம். எதுக்கு அவ்ளோ வசதி பண்ணி வெச்சான்னு ரோசனை பண்ணியா?

ஒன்னு ஒத்துக்கறேன். 25 அடி வட்டத்துல திரும்பிடும். தேரடி வீதியில பழவண்டிக்கும் மாட்டுக்கும் நடுவுல அதை மாதிரி திருப்ப இன்னொரு வண்டி கெடையாது. ஆனா ஜவ்வாது மலை வளைவுல வேகமா திருப்பி, பயந்து ஆக்சிலேட்டர உட்டுட்டேன்னு வெச்சிக்கோ, பின் சக்கரம் உள்பக்கமா காலை மடக்கிக்கும். அதோட அச்சு அப்படி.

உன் பொண்டாட்டி கேக்கற வெர்னா இருங்காட்டுக்கோட்டையில செய்றது, அதுவும் நம்ம பக்கத்துப் புள்ளதான். 2023 மாடலு எல்லாத்துலயும் ஆறு ஏர்பேக். டிக்கி 528 லிட்டரு, மல்லாட்டை மூட்டை தாராளமா போவும். பாக்கத்தான் ஒன்னுமில்ல. பார்க்கிங்ல அத்தினி காருக்கும் ஒரே மூஞ்சி, சாவிய அமுக்கி எது கண்ணு சிமிட்டுதோ அதுல ஏறிக்கணும்.

சட்டம் தெரியுமா உனக்கு? 50 வருசம் தாண்டின காரை விண்டேஜுன்னு பதிய 2021ல வழி பண்ணான். புதுசா பதிய 20,000 ரூபா, நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். அப்புறம் அது கண்காட்சிக்குப் போலாம், பெட்ரோலு போடப் போலாம், ரிப்பேருக்குப் போலாம். தினப்படி சோலிக்கு எடுக்கக் கூடாது. அதாவது, செங்கத்துக்குப் போயி மாமியாரை இட்டுகினு வர முடியாது. நீ அந்த வண்டிக்கு ஏன் இப்படி ஒத்தக்கால்ல நிக்கறேன்னு இப்பத்தான்டா புரியுது!

வெர்னாவுக்குத் தலையாட்டிட்டு வா. ஹெரால்டை ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டு வாங்கிகினு வா, அடி அண்ணாமலை வரைக்கும் போயி டீ குடிச்சிட்டு வருவோம். பௌர்ணமியா பாத்து கொண்டாந்துடாதே, அன்னிக்கு கிரிவலப் பாதையில வண்டிய உட மாட்டான். முன் சீட்டு எனக்கு. அதுக்குக் கதவு ரெண்டுதான், சீட்டை மடக்கி உள்ள நுழைய என் முட்டி ஒத்துக்காது. பின்னால உன் பாட்டி ஏறட்டும்.