மீதி 650 மில்லி

ஒயின் பிடிவாதக்காரர்கள் பாஸ்டா சாஸ் செய்ய வந்தால் மாட்டிறைச்சிக்குப் பதில் மீல்மேக்கர் போடுவார்கள். பார்மெசான் சீஸுக்குப் பதில் ஃப்ரிஜ்ஜில் கிடக்கும் சீஸ் க்யூபைத் துருவுவார்கள். செலரி இல்லையா, கொத்தமல்லித் தண்டு. ஆலிவ் எண்ணெய் தீர்ந்துவிட்டதா, ரீஃபைண்ட் ஆயில், யாருக்குத் தெரியப்போகிறது! ஆனால் ஒயினுக்குப் பதில் ஏதாவது சொல்லிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொள்வார்கள்.

எங்களுக்கு வாய்த்தவர் என் சகலை. ஆபீஸ் வேலையாக இத்தாலியில் பொலோனியா நகரில் மூன்று மாதம் இருந்தவர். திரும்பி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஊர் இன்னும் அவரை விட்டு இறங்கவில்லை. அங்கே அந்தச் சாஸுக்குப் பெயர் ராகு. பஞ்சாங்கப்படி ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30க்கு. எங்கள் வீட்டில் பகல் 12 மணிக்கே பிடித்துவிடும்.

"அக்கா, ஒயின் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்.

"ரெண்டு ஸ்பூன் வினிகர்ல தண்ணி கலந்து, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுக்கலாமே தம்பி?" என்பாள் என் மனைவி. கண் மூடும்.

"திராட்சை ஜூஸ்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா?" மூடிய கண்ணோடு தலை மட்டும் இடவலமாக ஆடும்.

"தக்காளியே நாட்டுத் தக்காளிதான், நல்லா புளிக்கும். ஒண்ணுமே ஊத்தாட்டி என்ன?"

இதற்கு ஒரு பெருமூச்சு வரும், துக்க வீட்டில் வருகிற மாதிரி. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். "சகலை, டிரையா ஒரு ரெட். இனிப்பா வாங்கிடாதீங்க."

குடிப்பழக்கம் இல்லாத நான், ஐம்பத்தாறு வயதில், கையில் மஞ்சப்பையோடு டாஸ்மாக் வரிசையில் நின்றேன். முறை வந்தது. "டிரை ஒயின் இருக்கா?"

"டிரை டே அக்டோபர் ரெண்டுதானே சார்?"

"இல்லப்பா, இனிப்பு இல்லாதது. சமையலுக்கு."

பின்னால் நின்றவர் என் தோளைத் தட்டி, "எனக்கும் சமையலுக்குத்தாண்ணே" என்றார்.

சரி, அந்த ஊர்க்காரர்களாவது இப்படி அடம்பிடிக்கிறார்களா என்று படித்துப் பார்த்தேன். ராகுவின் செய்முறையை இத்தாலியச் சமையல் அகாதமி 1982இல் பொலோனியா வணிகச் சபையில், ஏதோ நிலப் பத்திரம் போல, பதிவே செய்து வைத்திருக்கிறது. 2023இல் அதைத் திருத்தி எழுதியபோது ஒயின் சிவப்போ வெள்ளையோ எதுவானாலும் சரி என்று போட்டுவிட்டார்கள். அவர்களே இறங்கி வந்துவிட்டார்கள், சகலை இறங்கவில்லை. அதற்கும் முன்னால், 1690களில், அந்தோனியோ லத்தீனி என்பவர் நேப்பிள்ஸில் அச்சிட்ட சமையல் புத்தகத்தில் ஒரு தக்காளி சாஸ் இருக்கிறது. இத்தாலியில் அச்சேறிய மிகப் பழைய தக்காளி சாஸ்களில் அது ஒன்று. அதில் அவர் விட்டது வினிகர். என் மனைவி சொன்ன அதே வினிகர்! சகலையிடம் சொன்னேன். கண் மூடியது.

ஒயின் ஊற்றினால் வாசனை தூக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. வெங்காயம் சிவந்த வாணலியில் அவர் அதைச் சாய்க்கும்போது 'சுர்'ரென்று ஒரு புகை எழும். அப்போதும் கண்ணை மூடுவார். ஆனால் அது வேறு மூடல். தனியாக இருந்த அந்த மூன்று மாதமும் கீழ்வீட்டுச் சமையலறையிலிருந்து மாடிப்படி ஏறி வந்த வாசனை இதுதானாம். அந்த ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருக்கும். மஞ்சப்பையைக்கூட மறந்துவிடுவேன்.

அடுத்த நிமிஷம், "ஆல்கஹால் மொத்தமும் ஆவியாயிடும் சகலை" என்று ஆரம்பிப்பார். ஆகாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கால் மணி நேரம் கொதித்த பிறகும் நாற்பது சதவீதம் மிச்சமிருக்கும். இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் ஐந்து சதவீதம். இவருக்கோ இருபதாவது நிமிஷம் பசி வந்துவிடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டில் 750 மில்லி. சாஸுக்குப் போவது நூறு. அவரும் குடிக்க மாட்டார். குடித்தாலாவது தீர்ந்து தொலையும். "விலை கூடின சரக்கு, கொட்டிடாதீங்க, அடுத்த தடவைக்கு ஆகும்" என்று இட்லி மாவுக்குப் பின்னால் அவர் கையாலேயே வைத்துவிட்டுப் போவார். வாங்கியது என் காசு. அடுத்த தடவை வந்து திறந்து முகர்ந்து பார்த்து, "புளிச்சிடுச்சு, புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்பார். போன தை மாதம் மாவு எடுக்கப் போன என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டிருக்கிறார்: "மாப்பிள்ளைக்கு இந்தப் பழக்கம் எப்போலேருந்து?" அவர் கேட்டது என்னைப் பற்றி.

சகலை, இது உங்கள் கண்ணில் பட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போகவும். சனிக்கிழமை காலை அத்தை வருகிறார். உங்களுக்கும் அவர்தான் மாமியார்.