மூடி இல்லாத பாட்டில்

மதுரையில் பழங்காநத்தமோ செல்லூரோ வில்லாபுரமோ, தெருவுக்கு ஒரு ‘ஆகும்’ மாமா உண்டு. காலையில் குப்பை வண்டிச் சத்தம் கேட்டதும் வீட்டுப் பெண்கள் கூடையோடு கிளம்புவார்கள். மாமா நடையிலேயே வழிமறித்து, கூடைக்குள் கையை விட்டு ஒரு துழாவு துழாவுவார். காலி ஷாம்பூ டப்பா, மூடி தொலைந்த ஹார்லிக்ஸ் பாட்டில், பாட்டில் தொலைந்த மூடி என்று ஏதாவது ஒன்று மறுபிறவி எடுத்து வெளியே வரும்.

“இதப் போயி போடுறீங்களே... எதுக்காச்சும் ஆகும்ல!”

கஞ்சர் என்று நினைத்தால் தப்பு. மொய் எழுதுவதில் கை தாராளம். ஜிகர்தண்டா குடித்தால் ஸ்பெஷல்தான். ஆனால் ஒரு பொருளின் வேலை முடிந்ததும் அந்தப் பொருளே முடிந்துபோயிற்று என்பதை மட்டும் அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. பணி ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இதில் கொஞ்சம் சொந்த விஷயமும் கலந்திருக்கலாம்.

அவர் வீட்டில் ஒரு வேட்டி ஓய்வு பெறுவது லேசான காரியமில்லை. வெளியே கட்ட லாயக்கில்லை என்றானதும் அது வீட்டு வேட்டி. கிழிசல் விட்டால், குறுக்கே கிழித்து இரண்டு துண்டு. துண்டு நைந்தால் இட்லித் துணி. நைந்த வேட்டியில்தான் இட்லி ஒட்டாமல் வரும் என்பதில் அத்தையும் மாமா கட்சி. அது பழுப்பேறியதும் அடுப்பங்கரைக் கரித்துணி. பிறகு டிவிஎஸ் ஐம்பதைத் துடைக்கும் துணி. கடைசியில் வாசலில் கால்மிதி. பேரன் பிறந்தபோது மட்டும் ஒரு வேட்டி இந்த வரிசையை விட்டு விலகி, தூளியாக உத்தரத்துக்கு ஏறியது. மாமா அதைப் பதவி உயர்வு என்பார்.

யாராவது கேலி செய்தால், “காந்தி ஒத்த வேட்டி போதும்னு முடிவு பண்ணுனதே இந்த ஊர்லதான்யா” என்று பதில் வரும். உண்மைதான். 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி அரையாடைக்கு மாறினார். வந்த கடித உறைகளைப் பிரித்து, வெற்றுப் பக்கத்தில் எழுதியவர் அவர் என்பதும் உண்மை. அதற்காக, கல்யாணப் பத்திரிகையின் முதுகில் மாமா எழுதும் பால் கணக்கை மியூசியத்தில் வைக்க முடியுமா என்ன!

குடை ஒன்று உடைந்தால் அவருக்கு மூன்று லாபம். துணி, சைக்கிள் சீட்டுக்கு உறை. கம்பி, எண்ணெய்ச் சட்டியிலிருந்து முறுக்கை எடுக்க. வளைந்த கைப்பிடியைக் கம்பில் கட்டினால் முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டி. எல்லாமே இப்படி ஜெயிப்பதில்லை. தண்ணீர் பாட்டிலில் சொட்டு நீலம் கலந்து வாசலில் வைத்தால் நாய் அண்டாது என்று ஊரே நம்புகிறது. மாமாவும் நாலு பாட்டில் வைத்தார். தெருநாய் வந்து, முகர்ந்து, பாட்டில் மேலேயே காலைத் தூக்கிவிட்டுப் போனது. “அதுக்குக் கண்ணு சரியில்ல” என்றார் மாமா.

ஊரைத் தாண்டினால் அவர் கட்சிக்கு ஆள் பலம் அதிகம். மேலூர்ப் பக்கம் வயல் ஓரத்தில் பழைய சேலைகள் வேலியாக நிற்கும். கதிர் முற்றும் நேரத்தில் ஆடியோ கேசட்டின் நாடாவை உருவிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால், காற்றில் அது மினுங்கி விர்ரென்று இரையும், குருவி மிரளும். மாமா ஒரு பை நிறைய கேசட்டைத் தம்பியின் வயலுக்குக் கொடுத்தனுப்பினார். குருவியை விரட்ட இளையராஜாவா என்று அத்தைக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

மாமாவின் பெரிய சாட்சி திருமலை நாயக்கர் மகால். 1636-இல் ராஜா குடியிருக்கக் கட்டியது. பேரன் சொக்கநாத நாயக்கர் அதில் பல பகுதிகளைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். அவரும் ‘ஆகும்’ ஆசாமிதான் போல. மிஞ்சியதை நேப்பியர் பிரபு காலத்தில் பழுதுபார்த்தார்கள். 1970 வரை அங்கே ஜில்லா கோர்ட் நடந்தது. “ராசா இருந்த எடத்துல ஜட்ஜ் உக்காந்தா சரி, நான் பெயிண்ட் டப்பால தண்ணி பிடிச்சுக் குளிச்சா மட்டும் சிரிப்பீகளோ?”

இன்னொரு சாட்சி, திருப்பரங்குன்றம் பக்கத்துத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். சூடேற்றிய ஜல்லியில் நறுக்கிய பிளாஸ்டிக் கழிவைத் தூவினால், அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படியும். அதோடு தாரைக் கலந்து ரோடு போட்டால் தாரும் குறையும், தண்ணீரும் சுலபத்தில் இறங்காது. 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு ரோடு போட்டார். 2006-இல் காப்புரிமை, 2018-இல் பத்மஸ்ரீ. செய்தி வந்த நாள் முதல் மாமா கேரி பேக் சேர்ப்பதை யாரும் தட்டிக் கேட்க முடியவில்லை. ஒருநாள் அத்தைதான் கேட்டார்: “அவரு அத ரோட்டுல போட்டாரு. நீங்க கட்டிலுக்கு அடியிலல்ல போட்டு வச்சிருக்கீக?”

2019 ஜனவரி 1-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டம் வந்தது. ‘மீண்டும்’ எதற்கு என்றுதான் மாமாவுக்கு விளங்கவில்லை. அவர் வீட்டு ஆணியை விட்டு மஞ்சப்பை என்றைக்குப் போனது?

அவரைச் சற்றே வாயடைக்க வைப்பது தெர்மாகோல். 2017 ஏப்ரலில், வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்க விட்டார்கள். காற்று அடித்தது, அட்டைகள் கரை ஒதுங்கின, நாடே சிரித்தது. இத்தனைக்கும் 2015-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டபோது உலகம் அசந்துதான் பார்த்தது. மாமா ரொம்ப நாள் யோசித்து ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார்: “ஐடியால தப்பில்ல. செல்லோடேப்லதான் தப்பு.” ஃப்ரிட்ஜ் வாங்கியபோது வந்த தெர்மாகோல் அதனால்தான் இன்னமும் பரணில் இருக்கிறது.

போகிதான் அவருக்குக் கண்டம். பழையது கழிய வேண்டிய நாள். இந்தத் தை பிறக்குமுன் அத்தை ஒரே பிடியாக நின்று, கால் உடைந்த நாற்காலி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். தெரு முனைக் குவியலில் அதை வைக்கப் போன மாமா அரை மணி நேரம் கழித்து ஓடோடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஹார்லிக்ஸ் மூடி.

“அளவு சரியா இருக்கும் போலருக்கு. அந்த பாட்டில எடு.”

பாட்டில் முதல் நாளே பழைய சாமான் வண்டியில் ஏறியிருந்தது. அத்தை அதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேட்டி நுனியில் துடைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினார்.