நிலத்துக்குக் கீழிருந்து ஒரு மனு

மாட்சிமை தங்கிய சேர்வர் சமூகத்துக்கு,

மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கும் மனுதாரர் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது:

கடந்த சனிக்கிழமை இரவு, ஒன்லைன் துப்பாக்கி ஆட்டத்தின் கடைசி வட்டத்தில், எதிரணியில் இரண்டே பேர் மிஞ்சியிருந்த வேளையில் மனுதாரர் மாடிப்படியில் கால் வைத்தார். படி இல்லை. தரையும் இல்லை. நேரே நிலத்துக்குக் கீழே போய்விட்டார். அண்ணாந்து பார்த்தால் எதிரிகளின் உள்ளங்கால்கள். கூட விளையாடிய அக்காவின் மகன், "மாமா, எங்க போயிட்டீங்க?" என்றான். "நிலத்துக்குக் கீழ நிக்கிறன் மனே" என்பதைத் தவிர அவரிடம் வேறு விடை இருக்கவில்லை. பதற்றத்தில் விரல் பட்டு ஒரு வெடி கிளம்பியது. அது மேலே நின்றவரின் காலில் போய்ப் பட்டது.

ஞாயிறு காலை, மோசடிக் குற்றத்துக்காக மனுதாரருக்கு ஏழு நாள் தடை. நடந்ததை விளக்கி எழுதிய முறைப்பாட்டுக்குச் சமூகம் அருளிய பதில் ஒரே வரி: "உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்."

"மாமா பான் வாங்கிட்டார்" என்று மருமகன் வீட்டில் சொன்னான். மனுதாரரின் தாயார் குசினியிலிருந்து, "பாண் வாங்கினா கையோட கொண்டு வரல்லையா?" என்று கேட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அந்த அறியாமையும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெடியன்கள், போன தவணை மனுதாரரிடம் போனைப் பறிகொடுத்தவர்கள், எழுந்து நின்று மிக மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

ஆனாலும் கட்டளை கட்டளைதான். மனுதாரர் இணைப்பைச் சரிபார்த்தார். வீட்டில் பார்த்தார், முற்றத்தில் பார்த்தார், கல்லடிப் பாலத்தில் வலை வீசுகிறவர்களுக்கு நடுவே நின்றும் பார்த்தார். எல்லா இடத்திலும் சிக்னல் முழுசாக நின்றது. பௌர்ணமி இரவில் வாவியில் தோணி விட்டு, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் காது கொடுத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். சமூகத்தின் உதவி மையத்துக்கும் மனுதாரர் அப்படித்தான் காது கொடுத்துப் பார்த்தார். மீன் எவ்வளவோ மேல்.

சமூகத்தின் குலப்பெருமையை அவர் அறியாதவர் அல்ல. 1997 ஓகஸ்டில் அல்டிமா ஒன்லைன் விளையாட்டின் சோதனையோட்டத்தில், அந்த உலகத்தைப் படைத்த ரிச்சர்ட் கேரியட்டே 'லோர்ட் பிரிட்டிஷ்' என்ற அரசராக மக்கள் முன் நின்றார். சற்று முன் சேர்வர் விழுந்து எழும்பியிருந்ததில் அவருடைய சாகாவரம் அழிந்துபோனது. அதைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். கூட்டத்தில் ஒருவர் நெருப்பு வைக்க, அரசர் செத்து விழுந்தார். அவரிடம் இணைப்பைச் சரிபார்க்கச் சொன்னதாகத் தகவல் இல்லை.

2005 செப்டம்பர் 13, வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட். ஹக்கார் என்ற அசுரன் தன் கோட்டைக்குள் வருகிறவர்களுக்கு மட்டும் பரப்ப வேண்டிய இரத்த நோய், வீரர்களின் வளர்ப்புப் பிராணிகளில் ஏறி நகரங்களுக்கு வந்துவிட்டது. பிராணியை உள்ளே மறைத்துவிட்டுச் சந்தையில் திரும்ப அழைத்தால் நோயும் கூடவே வரும். அதைத் தடுக்க யாரும் யோசித்திருக்கவில்லை. கடைக்காரப் பாத்திரங்கள் தாங்கள் சாகாமல் வாடிக்கையாளருக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் சில நொடிகளில் மடிந்தார்கள், தெருவெல்லாம் எலும்புக்கூடு. தனிமைப்படுத்தல் எடுபடவில்லை, கடைசியில் பிளிசார்ட் நிறுவனம் சேர்வர்களையே மீளத் தொடங்க வேண்டியிருந்தது. 2007-இல் தொற்றுநோய் ஆய்வாளர்கள் இதை வைத்து ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்கள். அவர்கள் எழுதியது நோயைப் பற்றி, செத்தவர்களின் ரவுட்டரைப் பற்றி அல்ல.

அதே 2007 டிசம்பரில் ஈவ் ஒன்லைன். தன் பழைய கோப்பு ஒன்றை அழிக்கப் புறப்பட்ட புதுப்பிப்பு, அதே பெயரில் இருந்த விண்டோஸின் 'பூட்.இனி' கோப்பை அழித்துவிட்டது. எக்ஸ்பி வைத்திருந்த பலருக்குக் கணினியே எழும்பவில்லை. எழும்பாத கணினிக்காரனிடம் இணைப்பைப் பார் என்று சொல்ல முடியாது என்பதாலோ என்னவோ, ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் நடந்ததை நடந்தபடி எழுதி மன்னிப்புக் கேட்டது. 2021-இல் அமேசானின் நியூ வேர்ல்டில் ஜன்னலை மவுஸால் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தவருக்கு அடி விழவில்லை. மனுதாரருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அவருக்கு வாய்த்தது படி.

அந்தப் படியைக் கட்டியது யார்? ஓட்டையான தரையை விற்றுவிட்டு, அதில் விழுந்தவனைக் கள்ளன் என்று எழுதுவது என்ன நியாயம்? பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற மனிதர் அவர். அந்த ஆட்டத்தின் பதிவை ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், திறந்து பார்த்தாரா? பார்க்காமலே தீர்ப்பா?

சமூகம் பொறுத்தருள வேண்டும். கடற்காற்று கண்ணில் பட்டுவிட்டது.

இந்த நாட்டில் 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் தீவு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி. ஊர் சிரித்தது, மனுதாரரும் சேர்ந்து சிரித்தார். இப்போது அந்தச் சிரிப்பை அவர் வாபஸ் வாங்குகிறார். பழி குரங்கின் தலையில் விழுந்ததே தவிர, கல்லடியில் யாருடைய வீட்டு சுவிட்சையும் சரிபார்க்கச் சொல்லவில்லை.

தடையை நீக்கும்படி மனுதாரர் கேட்கவில்லை. அது வரும் ஞாயிறு தானாகவே முடியும். படியைத் திருத்த வேண்டும், 'மோசடி' என்ற சொல்லைப் பெயருக்கு நேரே இருந்து எடுக்க வேண்டும், தவறு யாருடையது என்று ஒரு வரி எழுத வேண்டும். குரங்கு என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
மிகவும் கீழே உள்ள,
மனுதாரர்

பி.கு.: இந்த மனு முதல் அழுத்தலிலேயே போய்விட்டது. "நெட் நல்லாத்தான் இரிக்கு மாமா" என்கிறான் மருமகன்.