கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

சினிமா பார்ப்பது எப்படி என்று முறையாகக் கற்றவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான். அது நான். மற்ற மூவரும் சும்மா பார்ப்பவர்கள். இளம் வயதில் ஃபிலிம் சொசைட்டியின் மடக்கு நாற்காலிகளில் முதுகைத் தேய்த்ததும், ஜான் ஆல்டன் என்ற ஒளிப்பதிவாளர் 1949-இல் எழுதிய ‘பெயின்ட்டிங் வித் லைட்’ புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருப்பதும் என் தகுதிகள். அந்த ஜெராக்ஸ் தற்சமயம் ஹால் ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து நிற்கிறது. ஒளிக்கும் அதற்கும் உள்ள உறவு முற்றிலும் அறுந்துவிடவில்லை.

குடும்பத்தின் ரசனையை உயர்த்துவது என்று முடிவு செய்தேன். வீட்டில் நான் சுதந்திரமாக எடுக்கும் முடிவுகள் எல்லாம் இப்படி யாருக்கும் செலவு வைக்காத ரகம்தான். சனிக்கிழமை இரவு, சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழித்த பிறகு, ஒரு பழைய படம். பார்வையாளர்கள்: இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பிரிவில் இருக்கும் மனைவி, பிளஸ் டூ முடித்துவிட்டு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் மகள், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று பொங்கலுக்கு வந்த மாமியார். இப்போது ஆனி மாதம்.

முதல் படம் எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922-இல் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’. ஜெர்மன் மௌனப் படம். ரத்தக்காட்டேரிப் படங்களின் கொள்ளுத்தாத்தா. படம் போடுவதற்கு முன் ஒரு சிறிய முன்னுரை வழங்கினேன். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல் 1897-இல் வந்தது. அனுமதி வாங்காமல் பெயர்களை மட்டும் மாற்றி இந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். 1925-இல் பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. எங்கெங்கோ தப்பிய பிரதிகளால்தான் இன்று நாம் பார்க்கிறோம்.

“நஷ்ட ஈடு கிடைச்சுதா?” என்றாள் மனைவி.

கம்பெனியே திவாலாகிவிட்டது என்றேன். அத்துடன் படத்தின் மேல் அவளுக்கு இருந்த பாதி மரியாதை போய்விட்டது.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுத் தரகரிடம் வேலை பார்க்கும் ஹட்டர் என்ற இளைஞன், மலைக்கோட்டையில் இருக்கும் ஓர்லாக் பிரபுவுக்கு வீடு விற்கப் போகிறான். விற்பது எந்த வீட்டை? தன் சொந்த வீட்டுக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் பாழடைந்த கட்டடத்தை. படத்தில் வரும் அந்தக் கட்டடம் ல்யூபெக் நகரத்தின் பழைய உப்புக் கிடங்கு, இன்றும் நிற்கிறது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

“எதிர் வீட்டுக்கு வர்றவன் யாரு, எவரு, குடும்பம் உண்டா, ஒண்டிக்கட்டையான்னு விசாரிக்காண்டாமா மாப்ள? கமிஷன் வந்தாப் போதும்னு நெனச்சா இப்படித்தான்.”

பிரபு பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஹட்டருடைய மனைவியின் படம் பிரபு கையில் சிக்குகிறது. கழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு உடனே கையெழுத்துப் போடுகிறான். “தரகு வேலைக்குப் போறவன் பொண்டாட்டி போட்டோவை எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?” என்றாள் மனைவி. அதற்கு ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிசத்தில் விடை கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

கோட்டைக்குப் போகும் குதிரை வண்டி காட்டுக்குள் குடுகுடுவென்று ஓடியது. மகள் ரிமோட்டை எடுத்து, “அப்பா, ஒன்றரை ஸ்பீடுல போட்டிருக்கீங்களா?” என்றாள். கேமராவின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் திரையில் ஓட்டம் வேகமாகத் தெரியும், அந்த வண்டி இந்த உலகத்து வண்டி இல்லை என்று காட்டவே முர்னாவ் அப்படி எடுத்தார், அடுத்த ஷாட்டில் நெகட்டிவையே போட்டுக் காட்டை வெள்ளையாக்கியிருக்கிறார் பார் என்று விளக்கினேன். விளக்கி முடிக்கையில் அந்த ஷாட் போய்விட்டிருந்தது. பின்னால் தள்ளிப் போட்டேன். மறுபடி விளக்கினேன். மறுபடியும் போய்விட்டது.

பெரிய சண்டை சவப்பெட்டியில் வந்தது. ஓர்லாக் ஊருக்கு வந்து சேர்ந்து, தன் பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறான். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வெயில் பட்டா செத்துருவான்னு சொன்னீங்க?”

“ஆமாம்.”

“பட்டப்பகல்ல பெட்டியத் தூக்கிட்டுப் போறான்?”

“அது ராத்திரி, அத்தை.”

“நிழலு விழுகே.”

அன்றைய ஃபிலிமுக்கு இருட்டில் படம் பிடிக்கும் சக்தி கிடையாது. பகலில் எடுத்து, பிரிண்டை நீலச் சாயத்தில் தோய்த்துவிடுவார்கள். நீலம் என்றால் இரவு என்று பார்வையாளர்கள் புரிந்துகொள்வார்கள். நான் இணையத்தில் பிடித்திருந்த பிரதியில் நீலம் இல்லை. இதைச் சொன்னதும் மாமியார், “சாயம் போற துணிய வாங்கிட்டு நெசவாளிக்கு வக்காலத்து வாங்குதீங்க” என்றார்.

இதில் எனக்குள்ள வருத்தம் வேறு. வெயில் பட்டால் காட்டேரி செத்துப்போகும் என்ற விதியே இந்தப் படம் உண்டாக்கியது. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருக்களில் நடமாடுகிறான். சக்தி குறையுமே தவிர சாக மாட்டான். தான் போட்ட விதியைத் தானே மீறுவதுபோல் தெரியும் படம் என்று ஒரு அருமையான கட்டுரைக் கரு எனக்குத் தோன்றியது. ஆனால் அதை என் மாமியார் ஏற்கெனவே இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார்.

முடிவில் ஹட்டரின் மனைவி எலன், காட்டேரியைச் சேவல் கூவும்வரை தன்னிடமே நிறுத்தி வைத்துச் சாகடிக்கிறாள். அவளும் இறந்துபோகிறாள். அந்த நேரத்தில் ஹட்டர் வைத்தியரைக் கூட்டிவரப் போயிருக்கிறான். “வீட்டுல ஒரு பிரச்சினைன்னா ஆம்பள டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்னு கிளம்பிடுவான்” என்று மனைவி பொதுவாகத் திரையைப் பார்த்துச் சொன்னாள். இந்த வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு முன்கதை உண்டு. அதற்குள் நான் போக விரும்பவில்லை.

அடுத்த வாரம் 1931-ஆம் வருட ‘டிராகுலா’. பெலா லுகோசி. இதை வேகமாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் வீட்டாரும் அப்படித்தான் கடந்தார்கள். தலைப்பு ஓடும்போது வரும் இசையைத் தவிரப் படத்தில் பின்னணி இசை என்று அநேகமாக எதுவும் இல்லை. மகள் டிவி ஒலியைக் கூட்டிக் கூட்டி உச்சத்துக்குக் கொண்டுபோக, திடீரென்று ஓநாய் ஊளையிட்டது. மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து விசாரித்தார். கோட்டைக் காட்சியில் ஆர்மடில்லோக்கள் ஊர்ந்ததைப் பார்த்து மாமியார், “அழுங்கு!” என்றார். அழுங்கு அல்ல, அமெரிக்கக் கண்டத்துப் பிராணி. டிரான்சில்வேனியாவில் அதற்கு என்ன வேலை என்று கேட்டால், ஹாலிவுட்டில் அதற்கு வேலை இருந்தது என்பதுதான் பதில். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராயிண்ட் லுகோசியின் கண்களில் மட்டும் ஊசிபோல் சின்ன விளக்கொளியைப் பாய்ச்சினார் என்று நான் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்தவர் மேல் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவருக்கு அன்றிலிருந்து என்னிடம் ஒரு ஒதுக்கம்.

காட்டேரிகளைக் கைவிட்டு ஃபிலிம் நுவாருக்குத் தாவினேன். 1940-களின் அமெரிக்கக் குற்றப் படங்கள். மழை, தொப்பி, சிகரெட், ஜன்னல் திரையின் வரிவரியான நிழல். இவற்றின் ஒளி ரகசியம் எளிது. சாதாரணமாக முகத்தில் ஒரு பிரதான விளக்கு, அது உண்டாக்கும் நிழலைத் தணிக்க எதிர்ப்பக்கம் இன்னொரு விளக்கு. நுவாரில் இரண்டாவது விளக்கை அணைத்துவிடுவார்கள், அல்லது மங்க விடுவார்கள். பாதி முகம் இருளில் போய்விடும். மனிதனின் மறுபாதியை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தத்துவத்தைச் செயலில் காட்ட ஒரு வாய்ப்பு வந்தது. கல்லூரி விண்ணப்பத்துக்கு மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தேவைப்பட்டது. ஸ்டூடியோவுக்கு எதற்குப் பணம் என்று நானே எடுத்தேன். டியூப் லைட்டை அணைத்து, மேஜை விளக்கை இடப்பக்கம் வைத்து, ஜன்னல் கம்பிகளின் நிழல் கன்னத்தில் விழும்படி. அற்புதமான படம். ஆல்டன் பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார். விண்ணப்பத்தளம் முகம் தெளிவாக இல்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. “கம்பி எண்ணுறவ மாதிரி இருக்கு” என்று மாமியார் பேத்தியை அணைத்துக்கொண்டார்.

இந்தச் சூழ்நிலையில்தான் பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) ஓடியது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன், ஒரு பெண்ணோடு சேர்ந்து, அவள் புருஷனை விபத்துக் காப்பீட்டில் ஏமாற்றிச் சேர்த்துவிட்டுக் கொலை செய்கிறான். ரயிலிலிருந்து விழுந்து செத்ததாக ஜோடித்தால் 50,000 டாலர் இரட்டிப்பாகி 1,00,000 கிடைக்கும். இதைச் சொன்னதும் மனைவி கையிலிருந்த கீரைக்கட்டை ஓரம் வைத்தாள். காட்டேரிக்குக்கூட அவள் கீரையைக் கீழே வைக்கவில்லை.

ஏஜென்ட் முதல்முதலாக அந்த வீட்டுக்குள் நுழைகிறான். ஜன்னல் திரை வழியாக வெயில் பட்டை பட்டையாக விழ, அதில் தூசு மிதக்கிறது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். நிஜத் தூசு கேமராவில் தெரியாது என்பதால் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் துகளைக் காற்றில் ஊதிவிட்டுப் படம் பிடித்தார். திறக்கவே திறக்காத ஜன்னல்களுக்குள் புழுங்கிக் கிடக்கும் வீடு என்பது பார்த்ததுமே தெரிய வேண்டும்.

“அந்த வீட்டுல கூட்டிப் பெருக்கவே மாட்டாளா?” என்றார் மாமியார்.

சைட்ஸ் அந்த அலுமினியத்தை ஊதியதே இந்தக் கேள்விக்காகத்தான். நான் படித்துத் தெரிந்துகொண்டதை, மாமியார் மூக்கில் தூசு ஏறித் தெரிந்துகொண்டார்.

அந்தப் பெண்ணாக வரும் பார்பரா ஸ்டான்விக் மாடிப்படியில் தோன்றியதும் மகள், “விக்!” என்றாள். ஆமாம், விக்தான். படத்தை எடுத்த ஸ்டூடியோவிலேயே, ஜார்ஜ் வாஷிங்டன் மாதிரி இருக்கிறது என்று ஒரு தயாரிப்பாளர் கிண்டல் செய்திருக்கிறார்.

புருஷனுக்குக் கொலைக்குச் சில நாள் முன்னால் கால் முறிகிறது. கட்டோடு உட்கார்ந்திருக்கிறான். என் மனைவி மெல்ல, “கால் உடைஞ்சதுக்கு ஏன் க்ளெய்ம் போடலை?” என்றாள். கதை போகட்டும், இடையில் பேசாதே என்றேன். “ஆக்சிடென்ட் பாலிசி இருக்கறவன் போடாம இருப்பானா? அவனுக்குப் பாலிசி இருக்கறதே தெரியலைன்னு அர்த்தம்.” வெகுநேரம் கழித்து, எட்வர்ட் ஜி. ராபின்சன் நடிக்கும் க்ளெய்ம் அதிகாரி கீஸ், அஜீரணத்தில் நெளிந்துகொண்டே இதே கேள்வியைப் பிடிக்கிறான். உலகமே கொண்டாடும் திருப்பம் அது. என் மனைவி கீரைக்கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அதை முன்கூட்டிக் கண்டுபிடித்தாள். கீஸ் பேசி முடித்ததும், “நல்ல ஆபீசர்” என்றாள். இந்தச் சான்றிதழ் திருமணமாகி எனக்கு இதுவரை வழங்கப்பட்டதில்லை.

கொலை முடிந்தது. பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு இருவரும் காரில் ஏறுகிறார்கள். கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்புகிறாள், உறுமி அடங்குகிறது. மறுபடி. அடங்குகிறது.

ஹாலில் சத்தம் இல்லை. மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, “எடு... எடு... எடுத்துரு தாயி” என்று முணுமுணுத்தார். தரகர்களையும் தூசு தட்டாத பெண்களையும் மன்னிக்காத என் மாமியார், இரண்டு கொலைகாரர்கள் தப்பிக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டிருந்தார். க்ளெய்ம் பிரிவு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போது நான் படத்தை நிறுத்தினேன்.

நிறுத்தி, இந்தக் காட்சி முதலில் திரைக்கதையில் கிடையாது, ஒருநாள் வைல்டரின் சொந்தக் கார் கிளம்பாமல் மக்கர் செய்தபோதுதான் அவருக்கு இது தோன்றியது, இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால் என்று தொடங்கினேன். என்ன அறிகிறோம் என்பதை யாரும் அறியவில்லை. ரிமோட் என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. மகள்தான் பிடுங்கினாள் என்று நினைக்கிறேன். மாமியாரின் கை என்று சொல்ல மரியாதை தடுக்கிறது. அன்றுமுதல் ரிமோட் அவர் தலையணைக்கு அடியில், திருநீற்றுச் சம்புடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ரிமோட் இல்லாததால் மிச்சப் படத்தை நான் சும்மா பார்க்க நேர்ந்தது. ஏஜென்ட்டின் ஃபிளாட்டுக்குக் கீஸ் வந்திருக்கிறான். அதே நேரம் அவளும் வந்துவிடுகிறாள். கீஸ் வெளியே வரும்போது, திறந்த கதவுக்குப் பின்னால், வராந்தாவில் ஒளிந்துகொள்கிறாள். பல தடவை பார்த்து, நிழல்களை எண்ணி, பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதிய காட்சி.

“கதவு வெளிப்பக்கமா தொறக்கே?” என்றார் மாமியார். “வராந்தால போறவன் வர்றவன் மூக்கு என்னத்துக்கு ஆகும்?”

நால்வரும் எழுந்து எங்கள் ஃபிளாட் வாசல் கதவைத் திறந்து பார்த்தோம். உள்பக்கம்தான் திறந்தது. அமெரிக்க ஃபிளாட்டுகளிலும் அப்படித்தான். அவள் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்று வைல்டர் கதவைத் திருப்பி மாட்டிவிட்டார். எண்பது வருடமாக அந்தக் கதவு வெளியே திறந்துகொண்டிருக்கிறது. மாமியார் திரும்பி வந்து உட்கார்ந்து, “சரி, போட்டுமே. பாவம், அவ எங்கதான் ஒளிவா?” என்றார். ஒளிப்பதிவு பற்றி நான் படித்த எதிலும் இதைவிட நல்ல விமரிசனம் கிடையாது.

இப்போது படத் தேர்வும் அவர் கையில். போன வாரம் எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954). வீணை பாலச்சந்தரேதான். ஏவி.எம். தயாரிப்பு, பாட்டே இல்லாத படம், மாருதி ராவின் கேமரா. நம்மிடமும் ஒரு நுவார் உண்டு என்றால் இதைத்தான் காட்ட வேண்டும். ஜப்பான் குண்டு போட்ட 1943-ஆம் வருடத்துச் சென்னை. ஆரம்பத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். சுட்டது யார் என்று ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் சொல்வதும் ஒரு கதையாக விரிகிறது. மாமியார் சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்த படம்.

சிவாஜி தரையில் சாய்ந்ததுதான் தாமதம், “இவரச் சுட்டது யாருன்னா...” என்று தொடங்கினார். மூவரும் ஒரே குரலில் கத்தினோம். தம்பி சொத்தில் பங்கு கேட்கும் இடம்வரை பொறுத்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. சொல்லிவிட்டார்.

‘அந்த நாள்’ இதுவரை பார்க்காதவர்கள் இந்த வாரமே பாருங்கள். வீட்டில் யாரேனும் முன்பே பார்த்திருந்தால், அவர்களைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுப் பாருங்கள்.