அரிப்பு: மணலள்ளும் கரண்டியின் துளை குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழில் ‘அரிப்பு’ என்ற ஒற்றைச் சொல் எத்தனை வேலை பார்க்கிறது! கல் நீங்க அரிசியை நீரில் அலசுவது அரிப்பு. கடல் ஊரை விழுங்குவது அரிப்பு. உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்பதும், கறையான் நிலைக்கதவைத் தின்பதும் அரிப்பு. சும்மா இருக்கமாட்டாமல் எதையாவது நோண்டச் சொல்லும் கைக்குணத்துக்கும் அதே பெயர். இவ்வைந்தும் ஒருங்கே வந்து கூடும் பொருள் உலகில் உண்டோ எனின், கறையானை மட்டும் ஒதுக்கி வைத்தால், உண்டு. கடற்கரையில் உலோகம் தேடுவோர் கையில் பிடிக்கும் மணலள்ளும் கரண்டியே அது. அதன் துளைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கைப்பிடியைப் பற்றிய பேச்சு இடையில் வந்தே தீரும்.

டிடெக்டர் இருக்கையில் கரண்டி எதற்கு என்று கேட்பவர் கடற்கரையில் ஒருமுறைகூடக் குனியாதவர். டிடெக்டரின் வட்டத் தட்டு மாறிமாறி வரும் காந்தப்புலத்தை மணலுக்குள் அனுப்புகிறது. புதைந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது எழுப்பும் எதிர்ப்புலத்தைத் தட்டு உணர்ந்து ‘கீய்ங்’ என்கிறது. அத்தோடு அதன் கடமை முடிந்தது. எடுத்துக் கொடுக்காது. 1881இல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே என்று தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே வகைக் கருவியைத்தான் கொண்டுபோனார். மெத்தையின் கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பின, குண்டு அகப்படவில்லை. தேடும் பொருளைவிடப் பக்கத்தில் கிடக்கும் பொருள் உரக்கப் பேசும் என்ற இந்தத் துறையின் முதல் விதி அன்றே நிறுவப்பட்டுவிட்டது. இவ்வாய்வாளர் முதல் நாள் மாலை முழுவதும் தோண்டிய பெரும் புதையல், தன் இடக்கையில் தொங்கிய எவர்சில்வர் கரண்டியின் ஒலி.

ஆய்வுக்களம் மெரினா. இங்கே இவ்வளவு மணல் எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். ஆண்டின் பெரும்பகுதி கரையோரமாக வடக்கே நகரும் மணல் அதில் முட்டித் தெற்கே தங்கியது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரையைக் கடல் அரித்தது. வடசென்னை கொடுத்த விலையில் விரிந்த மணற்பரப்பு இது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் ‘மெரினா’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். ஒரு காணும் பொங்கல் மாலை என் மனைவி அதே மணலில் தோட்டின் திருகாணியைத் தொலைத்தாள். மிளகளவுத் தங்கம். ஆராய்ச்சி தொடங்கியது.

இங்கே முன்னோர் கூற்றை நோக்குவது மரபு. நன்னூலில் பவணந்தியார் மாணாக்கரைத் தரம் பிரிக்கையில் கடைத்தரத்தாருக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றை உவமை சொன்னார். நெய்யரி என்பது நெய் வடிக்கும் பன்னாடை. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெருவில் இன்றும் அந்தப் பெயரால் வசவு வாங்குவோர் உண்டு. நம் கரண்டியும் பன்னாடை இனமே: மணலை விட்டுச் சோடாமூடியைப் பிடித்துக்கொள்கிறது. ஆயினும் புலவர் கடற்கரைக்கு வந்திருந்தால் ஒன்றைக் கண்டிருப்பார். எது நெய், எது கசடு என்பதைத் தீர்மானிப்பது துளையின் விட்டம்.

முதல் பதிப்பு, அம்மாவின் பூந்திக் கரண்டி. அவளிடம் கேட்கவில்லை. மணற்பருக்கை மிஞ்சினால் 2 மி.மீ.; பூந்தித் துளையில் அது எளிதாக இறங்கும் என்பது கருதுகோள். காய்ந்த மணல் இறங்கியது. ஓர் அடி ஆழத்து ஈரமணல் உருண்டையாக உட்கார்ந்துகொண்டது. ஈரத்தில் பருக்கைக்கும் பருக்கைக்கும் நடுவே நிற்கும் நீர்ப்படலம் அவற்றைக் கட்டிப்போடுகிறது. முழுக்கத் தண்ணீரில் முக்கினால் அந்தக் கட்டு அவிழ்ந்து மணல் கரைந்து ஓடும். ஆனால் மெரினாவில் கடலில் இறங்கத் தடை. ஆகவே இவ்வாய்வாளர் வட்ட அரம் ஒன்றை எடுத்து, மொட்டைமாடியில் உட்கார்ந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு துளையையும் 8 மி.மீ. ஆக்கினார். நாலாம் ஞாயிறு கரண்டியின் காம்பு வளைந்தது. நிமிர்த்தி, புளி போட்டுத் தேய்த்து, இருந்த ஆணியிலேயே மாட்டியாயிற்று.

இரண்டாம் பதிப்புக்குப் பட்டறையை நாட வேண்டியதாயிற்று. எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றைக் கொடுத்து, வாயைச் சாய்வாக வெட்டிச் சுற்றிலும் 10 மி.மீ. துளை போடச் சொன்னேன்.

“இன்னா சார், முறுக்குக் கடையா?”

“இல்லண்ணே, மணல் அள்ள.”

“மணல் அள்றதுக்கு எதுக்கு சார் ஓட்டை?”

இக்கேள்விக்கு இவ்வாய்வு இன்றுவரை விடை தேடிக்கொண்டிருக்கிறது. ஆயினும் அவர் தொழில் தெரிந்தவர். டிரில்லை வேகமாக ஓட்டினால் எவர்சில்வர் இறுகிக்கொண்டு பிட்டை எரித்துவிடும் என்று சொல்லி, மெதுவாக, எண்ணெய் விட்டு, அழுத்திப் பிடித்துத் துளைத்தார். மிதித்து இறக்கப் பின்புறம் கால்மிதி ஒன்றையும் பற்றவைத்தார்.

புது ஒரு ரூபாய் நாணயம் 20 மி.மீ., பத்து ரூபாய் 27 மி.மீ. இரண்டும் தங்கின. ஊக்கு ஒழுகிற்று, கொலுசுமணி ஒழுகிற்று, ஒழுகியவற்றில் திருகாணியும் உண்டோ, யார் கண்டது? புலவர் சொன்ன இல்லிக்குடம் இதுதான்.

அந்தப் பதிப்பின் உச்சநாளில் ஒரே குழியில் ஒரு பத்து ரூபாயும் ஒற்றை ரூபாயும் கிடைத்தன. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாயோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. அந்த ஒற்றை ரூபாய்தான் விவகாரம். மணலில் தவறவிட்ட சில்லறை புதையலாகுமா என்பதைச் சட்டம் படித்தோர் தீர்க்கட்டும். கடிதம் எழுதினேனா என்பதை இக்கட்டுரையில் சொல்வதற்கில்லை.

மூன்றாம் பதிப்பில் அடித்தட்டுக்கு 5 மி.மீ., பக்கங்களுக்கு 10 என்று சமரசம் செய்தேன். அடியில் ஒரு காந்தத்தையும் ஒட்டினேன். ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் வகை எவர்சில்வர் ஆயிற்றே. நாணயம் ஒட்டுவதற்கு முன் மணலிலிருந்த கறுப்பு இரும்புத்துகள் ஒட்டிக் கரண்டிக்குத் தாடி முளைத்தது. மழிக்க முடியவில்லை. காந்தம் கழற்றப்பட்டது.

கனம் குறைய அலுமினியக் குழாயில் கைப்பிடி போட்டு எவர்சில்வர் போல்ட்டால் முடுக்கியது அடுத்த பிழை. இவ்விரண்டு உலோகமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம்தான் அரிபடும். ஒரு மழைக்காலத்துக்குள் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, கழற்ற முடியாமல் இறுகி, குழாய் அங்கேயே முறிந்தது. பிறகு மண்வெட்டிக் காம்பு ஒன்று வாங்கிப் பொருத்திப் படிக்கட்டின் கீழ் நிறுத்தி வைத்தேன். மூன்று மாதம் கழித்துத் தொட்டபோது அது கையோடு உதிர்ந்தது. உள்ளே மண்குழாய்கள்.

ஆக, முதல் பத்தியில் ஒதுக்கிய கறையானும் வந்து சேர்ந்துவிட்டது. ஐந்தும் நிறைந்தன.

திருகாணி கிடைக்கவில்லை. மனைவி பத்தர் கடையில் வேறு வாங்கிப் பல மாதம் ஆகிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா அடுப்படியில் ஆணியிலிருந்து பூந்திக் கரண்டியை எடுத்தாள். மாவை ஊற்றித் தட்டினாள். எண்ணெயில் விழுந்த ஒவ்வொன்றும் சீடை அளவு இருந்தது. ஒன்றை எடுத்து ஆறவைத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, என்னைக் கூப்பிட்டாள்.

“ஏண்டா, இதுல என்னடா தேடினே?”